வேலைநிறுத்தம் செய்யுங்கள், ஆனால் காத்திருப்பவர்களையும் கணக்கில் வையுங்கள்

வேலைநிறுத்தத்துக்கு வாக்களிக்கப் போகும் மருத்துவர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும்,

வணக்கம்.

நான் மருத்துவர் இல்லை, எந்தச் சங்கத்திலும் இல்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டு, அந்த நாள் தள்ளிப்போகிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருமே, அந்த போனை எடுக்கும் ஆட்களில் ஒருவன். அந்தப் பக்கத்திலிருந்துதான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேலை ஒப்பந்தத் தகராறில் நீங்கள் வேலைநிறுத்தம் செய்யலாம் என்பதுதான் என் கருத்து. செய்யவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அதை நியாயப்படுத்த உங்கள் தரப்பு வழக்கமாகச் சொல்லும் ஒரு பதில் எனக்குப் போதவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

மருத்துவம் புனிதமான தொழில், அதில் இருப்பவர்கள் சம்பளத்துக்காக வேலையை நிறுத்தலாமா என்று கேட்கிறார்கள். புனிதம் என்று சொல்லிச் சொல்லித்தான் இரவும் பகலும் சேர்த்து உங்களிடம் டூட்டி வாங்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு நாடு முழுவதும் வரம்பு வைத்ததே 2003-ல்தான், அந்த வரம்பும் வாரத்துக்கு 80 மணி நேரம். 17 மணி நேரம் தூங்காமல் விழித்திருப்பவரின் கவனமும் கையின் நிதானமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997-லேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது. அப்படிப்பட்ட நிலையில் ஒருவர் வந்து என் வீட்டு ஆளுக்கு ஊசி மருந்தின் அளவைக் கணக்குப் போட வேண்டும் என்றால், உங்கள் ரோஸ்டரில் என்ன எழுதியிருக்கிறது என்பது என் பிரச்சினையும்தான். ஒப்பந்தம் என்றதும் வெளியில் இருப்பவர்களுக்குச் சம்பளம் மட்டும்தான் கண்ணில் படுகிறது. எத்தனை இரவு டூட்டி தொடர்ச்சியாகப் போடலாம், காலியாக இருக்கும் இடத்தை யார் தலையில் கட்டுவது, ஓய்வு கொடுக்காவிட்டால் யாரிடம் புகார் சொல்வது, இதெல்லாமும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. சம்பளத்துக்காகவே போராடினாலும் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சம்பளம் பிடிக்காமல் மருத்துவர்கள் ஒவ்வொருவராக வேறு நாட்டுக்குப் போய்விட்டால், அதற்குப் பெயர் வேலைநிறுத்தம் இல்லை, அறிவிப்பும் வராது, ஆனால் வார்டில் ஆள் இருக்காது.

இங்கிலாந்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய ஒப்பந்தத்தை எதிர்த்து 2015 நவம்பரில் இளநிலை மருத்துவர்கள் வாக்களித்தபோது, வாக்களித்தவர்களில் 98 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்துக்குச் சரி என்றார்கள். சனிக்கிழமை வேலையைச் சாதாரண நாள் வேலைபோலக் கணக்கிடலாமா, நீண்ட நேர டூட்டியை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதுதான் சண்டையின் மையம். 2016 ஜனவரி 12 அன்று நடந்த முதல் வேலைநிறுத்தத்தில் அவசர சிகிச்சையைத் தொடவில்லை. பிப்ரவரியில் இரண்டாவது முறை. மறுநாளே சுகாதார அமைச்சர் ஜெரமி ஹன்ட், உடன்பாடு இல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தைத் திணிக்கப்போவதாக அறிவித்தார். அதற்கப்புறம்தான் ஏப்ரல் 26, 27 தேதிகளில், காலை 8 முதல் மாலை 5 வரை, அவசர சிகிச்சையையும் விட்டு வெளியே வந்தார்கள். மூத்த மருத்துவர்கள் அந்த இடங்களில் போய் நின்று வேலை பார்த்தார்கள். கடைசியில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் வேலை நேரத்தைக் கண்காணிக்க ஒவ்வோர் இடத்திலும் தனியாக ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்று இருந்தது, தொடர்ந்த ஏழு நாளில் 72 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றும் இருந்தது. ஆனாலும் ஜூலையில் அதை 58 சதவீதம் பேர் நிராகரித்தார்கள், அரசு திணித்தது, 2019-ல் திருத்திய பிறகுதான் மருத்துவர்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை மேஜையில் ஒரு தரப்பு "கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் இதுதான்" என்று சொல்லிவிட்டால், மறு தரப்பிடம் வேறு என்ன மிச்சம் இருக்கும்?

சரி, இப்போது அந்தப் போதாத பதிலுக்கு வருகிறேன். "வேலைநிறுத்தத்தால் யாரும் சாகவில்லை, ஆய்வுகளே சொல்கின்றன" என்கிறீர்கள். உண்மைதான். 1976-லிருந்து 2003 வரை பல நாடுகளில் நடந்த மருத்துவர் வேலைநிறுத்தங்களை அலசி 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, அந்த நாட்களில் இறப்பு விகிதம் கூடவில்லை, சில இடங்களில் குறைந்தும் இருந்தது என்றது. அதற்கான காரணங்களையும் அதே தொகுப்பு சொல்கிறது: அவசர சிகிச்சை தொடர்ந்து நடந்தது, முன்கூட்டியே திட்டமிடும் ஆபரேஷன்கள் நிறுத்தப்பட்டதால் அவற்றின் ஆபத்தும் அந்த நாட்களில் இல்லை, பெரும்பாலான போராட்டங்கள் நீளவும் இல்லை. 2016 இங்கிலாந்து வேலைநிறுத்தத்தைப் பார்த்தவர்களும் இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றுதான் எழுதினார்கள். ஆனால் அதே ஆய்வில், மருத்துவமனைகள் ரத்து செய்த புறநோயாளி அப்பாயின்மென்ட்டுகள் ஒரு லட்சத்துக்கு மேல் என்றும் இருக்கிறது. முதல் பாதியை மேடையில் சொல்கிறீர்கள், இரண்டாம் பாதி யார் வாயிலும் வருவதில்லை.

என் அக்கா அந்த இரண்டாம் பாதியைச் சேர்ந்தவள். கருப்பையில் கட்டி, புற்றுநோய் இல்லை, அதனால் அவசரமும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அவசரம் இல்லை என்றால், மாதாமாதம் ரத்தம் போய்ப் போய் மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுவாள், வேலைக்கு லீவு சொல்லிச் சொல்லி அங்கேயும் கெட்ட பெயர். வேலைநிறுத்தத்தில் ஆபரேஷன் தேதி தள்ளிப்போனது. அதில் அவளுக்குக் கோபம் இல்லை, எனக்கும் இல்லை. போராட்டம் முடிந்த பிறகு புதிய தேதிக்காகப் போன் செய்தபோது, வரிசையில் திரும்பப் பின்னால் போய் நிற்கச் சொன்னார்களே, அதுதான் இன்றும் ஆறவில்லை. அவளுக்கு முன்னால் இருந்த இடம் எங்கே போனது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. நிர்வாகம் வேலைநிறுத்தத்தைக் காட்டியது, சங்கத்துக்காரர் நிர்வாகத்தைக் காட்டினார். இறப்புக் கணக்கில் அவள் வரமாட்டாள். எந்தக் கணக்கிலும் வரமாட்டாள்.

அதனால்தான் சொல்கிறேன், யாரும் சாகவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்த வாதம் எல்லா இடத்துக்கும் பொருந்தவும் பொருந்தாது. மூத்த மருத்துவர்கள் வந்து இடத்தை நிரப்ப முடிகிற நாட்டில் ஒரு நாள் வெளியே வருவது வேறு. கென்யாவில் 2016 டிசம்பர் 5-ல் தொடங்கிய வேலைநிறுத்தம் 100 நாள் நீண்டது. அரசு மருத்துவமனைகள் கிட்டத்தட்ட முடங்கின, காசு இருந்தவர்கள் தனியாருக்குப் போனார்கள், இல்லாதவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதே சமயம் அந்தப் பழியை மருத்துவர்கள் மேல் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கேட்டது 2013-லேயே கையெழுத்தான ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லித்தான். அரசு கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று வருஷம் இழுத்தடித்தது, 2017 பிப்ரவரியில் நீதிமன்றம் சங்க நிர்வாகிகளைச் சிறைக்கு அனுப்பியது, கடைசியில் வெளியே விட்டுத்தான் பேச வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் அரசுகளுக்கும் ஒரு வார்த்தை, அவர்களும் படிப்பார்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். மருத்துவமனை அத்தியாவசியச் சேவை, அங்கே வேலைநிறுத்தத்துக்குத் தடை போடுவோம் என்கிறீர்கள். போடலாம்தான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சங்கச் சுதந்திரக் குழுவே மருத்துவமனைத் துறையில் அந்த உரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தின் அடுத்த பாதியையும் படியுங்கள்: உரிமையைப் பறித்தால் அதற்கு ஈடாக, இரு தரப்பும் நம்பும், பாரபட்சமில்லாத, தாமதமில்லாத சமரச ஏற்பாடும் நடுவர் தீர்ப்பும் இருக்க வேண்டும், அந்தத் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்த வேண்டும், அதை உடனே நிறைவேற்றவும் வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் மருத்துவர்களுக்கும் மாகாண அரசுக்கும் இடையே 2017-ல் இப்படி ஓர் ஏற்பாடு வந்தது, ஆக நடக்காத காரியம் இல்லை. தடைச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடுவரை விட்டுவிட்டால், நீங்களே மருத்துவர்களைத் தெருவுக்குத் தள்ளுகிறீர்கள்.

மருத்துவர்களே, திரும்ப உங்களிடம். எல்லா வேலைநிறுத்தத்துக்கும் என் ஆதரவு கிடைக்காது. 1962 ஜூலையில் கனடாவின் சஸ்காட்செவனில் மருத்துவர்கள் மூன்று வாரத்துக்கு மேல் கிளினிக்குகளை மூடினார்கள். எதை எதிர்த்து? மாகாண மக்கள் எல்லாருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு கொடுப்பதை எதிர்த்து. பிரிட்டனிலிருந்து மருத்துவர்களைக் கூட்டிவந்து அரசு சமாளித்தது, போராட்டம் தோற்றது, அந்தத் திட்டம் பிற்பாடு கனடா முழுவதற்கும் முன்மாதிரி ஆனது. 2024 பிப்ரவரியில் தென்கொரியாவில் மருத்துவக் கல்லூரி இடங்களை ஆண்டுக்கு 2,000 கூட்டப்போவதாக அரசு சொன்னதும் ஆயிரக்கணக்கான பயிற்சி மருத்துவர்கள் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள். திட்டத்தில் குறைகள் இருக்கலாம், அவர்கள் சொன்ன சில காரணங்கள் எனக்கும் நியாயமாகப் பட்டன. ஆனாலும் மருத்துவர் போதவில்லை என்று வரிசையில் நிற்கும் என்னைப் போன்றவர்களை, இன்னும் நிறைய மருத்துவர்கள் வரக்கூடாது என்பதற்கான போராட்டத்தில் உங்கள் பக்கம் நிற்கச் சொன்னால் எப்படி நிற்பது? உங்கள் வேலை நேரம், ஓய்வு, கூலி, கையெழுத்தான வாக்கைக் காப்பாற்றுவது, இவற்றுக்காக வெளியே வந்தால் நான் வாசலில் வந்து நிற்கிறேன். நோயாளிக்குக் கிடைக்க வேண்டியதைத் தடுக்க வந்தால் வரமாட்டேன்.

வெளியே வரும்போது அவசர சிகிச்சை, பிரசவம், ஐசியூ, டயாலிசிஸ், கீமோ, இவற்றைத் தொடாதீர்கள். மாற்று ஆள் பெயரோடு ரோஸ்டரில் இல்லாத எந்த வார்டிலிருந்தும் கிளம்பாதீர்கள். இதை உங்களில் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே செய்கிறீர்கள் என்று தெரியும். கோரிக்கைகளை எங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரே பக்கத்தில் எழுதி, ஓபி சுவரில் ஒட்டுங்கள். படி எவ்வளவு, எத்தனை சதவீதம் என்று உங்களுக்குள் பேசிக்கொள்ளும் கணக்கு எங்களுக்குப் புரிவதில்லை, தொடர்ந்து எத்தனை இரவு விழித்திருந்தீர்கள் என்று எழுதினால் புரியும்.

அப்புறம், இதுவரை எந்தச் சங்கமும் கேட்டு நான் பார்க்காத ஒன்றைக் கேளுங்கள். பேச்சுவார்த்தை முடிந்து உடன்பாடு எழுதும்போது, போராடியவர்கள் மீது நடவடிக்கை கூடாது என்று ஒரு ஷரத்து வைப்பீர்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஷரத்தும் வையுங்கள்: வேலைநிறுத்தத்தால் தள்ளிப்போன ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் அப்பாயின்மென்ட்டுக்கும், வரிசையில் இருந்த இடம் போகாமல், இத்தனை நாளுக்குள் புதிய தேதி கொடுக்க வேண்டும், அதற்காகும் கூடுதல் நேரத்துக்கு நிர்வாகம் உங்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும், எத்தனை பேருக்குத் தேதி கொடுத்தாயிற்று என்று வாராவாரம் வெளியிட வேண்டும். உங்களுக்கும் இதில் நஷ்டம் இல்லை, நிர்வாகம் இழுத்தடிக்கும் ஒவ்வொரு நாளும் அந்தச் செலவு அதன் தலையில்தான் ஏறும். இதை உடன்பாட்டு நேரம் வரை தள்ளிப்போடாமல், வேலைநிறுத்த அறிவிப்போடு சேர்த்தே வெளியிடுங்கள், அதில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.