பெட்டியை நாமே தூக்குவோம், அக்கா

அன்புள்ள அக்கா,

கிளப் முதலாளி ஒருவர் நம் டிஸ்கோ இரவைத் தன் கூடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார் என்று, போன முறை ஆட்டம் முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சொன்னீர்கள். மாதம் ஒரு முறை நடப்பது வாரா வாரம் நடக்கும். ஸ்பீக்கர் அவருடையது, மேடை அவருடையது, வாசலில் நிற்பது அவருடைய ஆட்கள். பார் வருமானம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. யோசித்துச் சொல்லுங்கள் என்றீர்கள். யோசித்துவிட்டேன். வேண்டாம், அக்கா. இதைப் பொதுவில் எழுதக் காரணம் உண்டு. ரெக்கார்டு (இசைத்தட்டு) பெட்டியோடு வாடகைக் கூடங்களில் ஆட்டம் நடத்துகிற எந்தச் சிறு குழுவிடமும் என்றாவது ஒருவர் வந்து இதையேதான் கேட்பார்.

"இனி நீங்கள் எதையும் தூக்க வேண்டியதில்லை" என்றாராம். எனக்குப் பயமே அந்த வார்த்தையில்தான். நம் கூட்டத்தில் ஒருவர் எப்படி நம்மவர் ஆகிறார் என்று நினைத்துப் பாருங்கள். முதலில் சுவரோரம் நின்று பார்க்கிறார். அடுத்த மாதம் ஆடுகிறார். அப்புறம் ஒரு நாள் சீக்கிரமே வந்துவிடுகிறார். சும்மா நிற்கிறாரே என்று யாரோ ஸ்பீக்கரின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் அழைக்க வேண்டியதில்லை, தானே வந்துவிடுகிறார். டூட்டி முடிந்து நேரே ஓடி வருகிற அந்த நர்ஸ், யாரையும் தெரியாமல் தனியாக வந்து சேர்ந்த அந்தப் பையன், ஓய்வு பெற்ற பிறகு ஆடத் தொடங்கிய அந்தத் தம்பதி எல்லாம் வேறு எங்கே ஒருவரையொருவர் சந்தித்திருப்பார்கள்? அந்தப் பெரியவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவுத் துணைக்கு முறை போட்டுக்கொண்டவர்கள் யார்? ஒயர் சுருட்டுகிறவர்கள்தான். சேர்ந்து ஆடியதில் முகம் பழகியது. சேர்ந்து வேலை செய்ததில்தான் போன் நம்பரும் வீட்டு நிலவரமும் தெரிந்தன.

டிஸ்கோ தொடங்கிய விதமும் இதுதான். 1970 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில், பிராட்வே சாலை 647ஆம் எண்ணில், தான் குடியிருந்த இடத்திலேயே டேவிட் மான்கூசோ ஒரு விருந்து வைத்தார். லாஃப்ட் என்று பின்னால் உலகம் அறிந்தது அதைத்தான். அழைப்பு பெற்றவர்களும் அவர்கள் கூட்டி வந்தவர்களும்தான் உள்ளே வரலாம். மது விற்பனை கிடையாது. வாசலில் கொடுத்த தொகையிலேயே சாப்பாடும் அடக்கம். நியூயார்க்கின் ஸ்டோன்வால் பாரில் போலீஸ் சோதனையை எதிர்த்துத் தன்பாலின ஈர்ப்பாளர்கள் செய்த கலகம் நடந்து எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆணும் ஆணும் சேர்ந்து ஆடினால் போலீஸ் வரும் என்று பயந்து வாழ்ந்த காலம். கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கர்களும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் பெண்களும் அங்கே ஒரே தரையில் ஆடினார்கள். ஒருவர் வீட்டுக்குப் போவது போலப் போனதால் அந்தக் கதவு அவர்களுக்குக் காவலாகவும் இருந்தது. மான்கூசோ அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். அங்கே ஒரு கன்னியாஸ்திரி பலூன் கட்டி, ரெக்கார்டு போட்டுக் குழந்தைகளுக்கு விருந்து நடத்துவாராம். லாஃப்டிலும் எப்போதும் பலூன்கள் இருந்தன. இதைப் படித்த நாளிலிருந்து நம் கூடத்தில் யாராவது பலூன் ஊதுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

மது விற்காததை நான் ஒழுக்க விஷயமாகப் பார்க்கவில்லை. பார் வருமானத்தில் ஓடுகிற கூடத்தில், ஆடுகிறவர் அடிக்கடி ஆட்டத்தை விட்டுவிட்டு பாருக்குப் போயாக வேண்டும். பாட்டையும் அதற்குத் தோதாகத்தான் அடுக்க வேண்டியிருக்கும். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் விடாமல் ஆடுகிறவர் அந்தக் கணக்கில் நஷ்டம். நம்மில் நன்றாக ஆடுகிற எல்லாருமே அப்படிப்பட்டவர்கள்தான்.

ரெக்கார்டு விஷயத்துக்கு வருகிறேன். மேடையில் டர்ன்டேபிள் (ரெக்கார்டைச் சுழற்றும் கருவி) வைத்தால் தொந்தரவு, லேப்டாப்பில் வாசித்தால் போதாதா என்று அந்த முதலாளி கேட்டதாகவும் சொன்னீர்கள். தொந்தரவு என்பது உண்மை. ஊசி ரெக்கார்டின் பள்ளத்தை மட்டும் படிப்பதில்லை, தரையின் அதிர்வையும் சேர்த்துப் படிக்கிறது. ஸ்பீக்கரின் பேஸ், அதாவது அந்தத் தாழ்ந்த அதிரொலி, மேடை வழியாக டர்ன்டேபிளுக்கு ஏறி, ஊசிக்குள் போய், மறுபடி ஸ்பீக்கருக்கே வந்து, கடைசியில் கூடம் முழுக்க ஒரே ஹூங்காரமாகிவிடும். உற்சாகத்தில் எல்லாரும் சேர்ந்து குதித்தால் ஊசி எகிறும். அதற்காகத்தானே கனமான கான்கிரீட் பலகை, அதன் கீழே நுரைப் பட்டை என்று பார்த்துப் பார்த்து வைக்கிறீர்கள். அதை உங்களிடம் கற்றுக்கொண்ட இரண்டு பெண்கள் இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். லேப்டாப் வந்தால் அந்தத் தொந்தரவு போகும், கூடவே அந்தப் பாடமும் போய்விடும்.

அதோடு 12 அங்குல ரெக்கார்டின் நீளம் இருக்கிறதே, அதை நம் ஆட்களே போதுமான அளவு பாராட்டுவதில்லை என்பது என் குறை. நிமிடத்துக்கு 45 சுற்று (ஆர்.பி.எம்.) வேகத்தில் ஓடும் ஏழு அங்குலச் சின்ன ரெக்கார்டில் மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் இடம் போதாது. நீட்டினால் பள்ளங்களை நெருக்க வேண்டும், சத்தமும் பேஸும் குறையும். டாம் மோல்டன் போன்றவர்கள் ஆடுகிறவர்களுக்காகப் பாட்டை நீட்டிக் கலக்கத் தொடங்கியபோது பெரிய தட்டு தேவைப்பட்டது. 1976இல் சால்சோல் நிறுவனம் ஒரு 12 அங்குல டிஸ்கோ சிங்கிளை (தனிப்பாட்டுத் தட்டை) கடைக்கே கொண்டு வந்தது. வால்டர் கிப்பன்ஸ் கலக்கிய அந்தப் பாட்டு ஒன்பது நிமிடத்தைத் தாண்டி ஓடும். கூச்சப்படுகிற ஒருவர் சுவரை விட்டு நடுவுக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? பாட்டில் பாதியாவது வேண்டும். மூன்று நிமிடப் பாட்டு என்றால் அவர் காலடி எடுத்து வைக்கும்போது முடிந்துவிடும். நீண்ட பாட்டு அவருக்காகக் காத்திருக்கிறது. மான்கூசோ பிற்காலத்தில் பாட்டோடு பாட்டைக் கலப்பதையே விட்டுவிட்டு ஒவ்வொரு ரெக்கார்டையும் முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டார். நீங்களும் கூட்டம் கலகலக்கிற நேரத்தில்கூட அவசரப்பட்டு அடுத்த தட்டுக்குத் தாவுவதில்லை. உங்கள் கைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பொறுமைதான்.

பெரிதாக வளர்ந்தால்தான் நிலைக்கும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். 1970களின் பின்பாதியில் டிஸ்கோ வளர்ந்த அளவுக்கு நாம் வளரப்போவதில்லை. ரேடியோ, சினிமா, பெரிய கம்பெனிகள் எல்லாம் அதன் பின்னால் ஓடின. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில், டிஸ்கோ ரெக்கார்டு ஒன்றோடு வந்தால் 98 சென்ட்டில் அனுமதி என்று சொல்லிக் கூட்டம் சேர்த்து, வந்த ரெக்கார்டுகளை டிஸ்கோ எதிர்ப்பாளர்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து, அன்றைய இரண்டாவது பேஸ்பால் ஆட்டம் கைவிடப்பட்டது. அங்கே வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், குவிந்தவற்றில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் ரெக்கார்டுகளும் இருந்ததைப் பின்னாளில் சொன்னார். அடுத்த சில மாதங்களில் ரேடியோவும் கம்பெனிகளும் கழன்றுகொண்டன. ஆனால் லாஃப்ட் நிற்கவில்லை. அதே சிகாகோவில், வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் ரெக்கார்டு வாசித்துக்கொண்டே இருந்தார். அங்கிருந்து ஹவுஸ் என்ற புது நடன இசை கிளம்பியது. வின்ஸ் லாரன்ஸே அதன் தொடக்க கால ரெக்கார்டுகளில் பங்கெடுத்தார். லண்டனில் 2003 முதல் ஒரு நண்பர் குழு மான்கூசோவோடு சேர்ந்து அதே முறையில் விருந்துகள் நடத்தியது. அவர் 2016இல் இறந்த பிறகும் அந்த முறை கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் களைப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. உங்கள் முதுகு போன வருடம் முழுக்க எப்படி இருந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். அதற்கு வழி சுமையைப் பகிர்வதுதான். நீங்கள் இனி ஒரு பெட்டிகூடத் தூக்கக் கூடாது. வாசல், தண்ணீர், ஒயர், கணக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றம். வரவு செலவு வாசலிலேயே ஒட்டப்பட்டிருக்கட்டும். கூடத்தின் வாடகைக்கு எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால் முடிந்தவர்கள் கூடப் போடுவார்கள். முடியாதவரை யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. சத்தத்தையும் யாராவது மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். இத்தகைய இடங்களில் சராசரி 100 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்திருக்கிறது. பேச விரும்புகிறவர்களுக்கு ஸ்பீக்கரிலிருந்து தள்ளி நாலு நாற்காலியும் போடலாம்.

ஒவ்வொரு மாதமும் முதல் அரை மணி நேரம் புதிய கை ஒன்று ரெக்கார்டு வைக்கட்டும். அந்த நர்ஸிடம் எப்படிப்பட்ட தட்டுகள் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியுமா? நான் பார்த்திருக்கிறேன். கேளுங்கள்.

அந்த முதலாளிக்குப் பதில் சொல்லும் முன் குழுவை ஒரு சாயங்காலம் கூட்டுங்கள். வாசலுக்கு முதல் மூன்று மாதம் நான் நிற்கிறேன். இன்னொரு ஆளையும் நானே பிடித்து வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தரையில் ஆடுகிற தம்பி