பெண்கள் ஐக்கிய சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவி ஐயரம்மா (போதகரின் துணைவியார்) அவர்களுக்கும் சங்கத்துத் தாய்மார், சகோதரிகள் அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

கர்த்தருடைய கிருபையால் மாதக்கூட்டங்கள் ஒன்றும் தடைபடவில்லை. மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாடம் எடுத்தோம். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முந்தின ராத்திரி முழுவதும் காய் நறுக்கினோம். வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். சமைக்கும்போது வீட்டுப் பானையில் காணிக்கையாக ஒரு பிடி எடுத்துவைக்கிற பிடியரிசி விஷயத்தில் நடந்ததை மட்டும் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் சங்கத்தின் மூத்த பெரியம்மா ஒருவர் பல வருஷமாகச் சனிக்கிழமைதோறும் சாக்கும் படியுமாக வீடுவீடாகப் போய்ப் பிடியரிசி சேர்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலி அதிகமானதால் இந்த ஆண்டுத் தொடக்கத்தில் அந்த வேலையை இளையவர்கள் இருவரிடம் கொடுத்தோம். கொடுத்தது சரிதான். ஆனால் பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே பட்டியலில் பெயரை மாற்றிவிட்டோம். அதை எழுதிய கை என்னுடையது. அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு அவர் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். "சாக்கைத்தான் தூக்க முடியல. அதுக்காக என்னைய ஏன் தாயி கணக்குலருந்தே எடுத்துட்டீங்க?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்டு, சேர்ந்து ஜெபித்துவிட்டு வந்தோம்.

அந்த மாத வேதபாடத்துக்கு எண்ணாகமம் 8-ஆம் அதிகாரத்தை எடுத்தோம். தேவ பணிக்கென்று பிரிக்கப்பட்ட கோத்திரத்தாராகிய லேவியர் 25 வயதில் ஆசரிப்புக் கூடாரப் (வழிபாட்டுக் கூடாரப்) பணிக்கு வருகிறார்கள்; 50 வயதானால் பாரமான வேலையை விட்டுவிடுகிறார்கள். ஆனால் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. சகோதரரோடு சேர்ந்து காவல் காக்கும் வேலை அவர்களுக்கு இருக்கிறது. எத்தனையோ தடவை வாசித்த பகுதிதான். பெரியம்மா வீட்டுக்குப் போய் வந்த பிறகுதான் அந்தக் 'காவல்' என்ற சொல் எனக்கு உறைத்தது.

இப்போது பெரியம்மா ஞாயிறு மதியம் கோயில் வராந்தாவில் முறத்தோடு உட்கார்ந்து, வருகிற அரிசியைப் புழுங்கல், பச்சை, ரேஷன் என்று பிரித்துப் புடைத்து அளக்கிறார். எந்த வீட்டு அரிசி எது என்று கையில் அள்ளியதும் சொல்லிவிடுவார். ஐப்பசியில் ஒரு வீட்டுப் பானையில் பாதி அளவுதான் வந்தது. "அந்தப் பிள்ளை குறைச்சுப் போடுறவ இல்ல, போய்ப் பாருங்க" என்றார். போனோம். வீட்டுக்காரருக்கு இரண்டு மாதமாக வேலை இல்லை. யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அந்த வாரம் அளந்த அரிசி அப்படியே அந்த வீட்டுக்குப் போனது. சாக்குத் தூக்கிய நாட்களில் இதையெல்லாம் கவனிக்க அவருக்கு நேரமே இருந்ததில்லையாம்.

நம் டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை எல்லாருக்கும் தெரியும். பெண்கள் குழுவோடு ஊர் ஊராக நடந்து சுவிசேஷம் சொன்னவர், பிறகு ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தாயானார். 1931-இல் களக்காட்டில் விழுந்து காயப்பட்டபின், 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறையிலேதான் இருந்தார். அந்த இருபது வருஷத்தில் அவர் எழுதிய புத்தகங்களும் கடிதங்களும் எத்தனை! நவம்பர் கூட்டத்தில் ஐயரம்மா இதைச் சொன்னபோது பல தாய்மார் கண் கலங்கினார்கள்.

அதன்பின் செயற்குழு ஒரு முடிவு எடுத்தது. இனி ஜனவரியில் ஒவ்வொருவரிடமும் நேரில் போய், 'இந்த வருஷம் உங்களால் எது முடியும்?' என்று கேட்போம். கேட்காமல் யாருடைய பொறுப்பையும் மாற்ற மாட்டோம். இந்த முறை கேட்டபோது, கைக்குழந்தையோடு இருப்பதால் பாடகர் குழுவை விட்ட ஒரு சகோதரி, ஓய்வுநாள் பள்ளிக்குப் படங்கள் வரைந்து தருவதாக ஒத்துக்கொண்டார். தொட்டில் ஆட்டிக்கொண்டே வரைந்த யோனாவின் மீன் இப்போது வகுப்புச் சுவரில் இருக்கிறது. கல்யாணமாகிச் சென்னைக்குப் போன தங்கை, ஜெபக் குறிப்புகளைப் போனில் வாங்கி வாரந்தோறும் எல்லாருக்கும் அனுப்புகிறாள்.

ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்துவிட்டேன். எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. அம்மாவைக் கவனிக்க வேண்டியிருப்பதால் இந்தப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, படுக்கையில் இருக்கிறவர்களைச் சந்திக்கும் குழுவில் சேர்கிறேன். நிகழ்ச்சிக் குறிப்பேடும் பிடியரிசிக் கணக்கும் மேசைமேல் இருக்கின்றன. புதிய செயலாளருக்கு ஒரு வேண்டுகோள்: பிடியரிசிக் கணக்கை எழுதும்போது பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்