ரெண்டு நிமிஷம் மயக்கம், மீதி தூக்கம்: ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். நான் நல்லா இருக்கேன். முதல்ல இத சொல்லிடறேன், ஏன்னா நேத்துலேருந்து நான் கீழ இறங்கினாலே யாராவது ஒருத்தர் ஓடி வந்து கைய புடிச்சு உக்கார வெச்சிடறீங்க, எனக்கு நடக்கவே மறந்துடும் போல இருக்கு.

சனிக்கிழமை காலைல நம்ம ரத்த தான முகாம்ல ரத்தம் குடுத்துட்டு நான் மயங்கி விழுந்த கதைய திரும்ப சொல்லப் போறதில்ல. பாதி பேர் நேர்ல பாத்தீங்க, மீதி பேர் வீடியோல பாத்தீங்க. அந்த வீடியோவுல நான் மைக்க புடிச்சு "ரத்தம் குடுக்க வர்றவங்க சாப்ட்டு, நல்லா தண்ணி குடிச்சிட்டு வாங்க, குடுத்ததும் உடனே எழுந்திரிக்காதீங்க"ன்னு அறிவுரை சொல்ற எடத்த மட்டும் தனியா வெட்டி சுத்தல்ல விட்டிருக்கீங்கன்னும் தெரியும். பரவால்ல, எனக்கே ரெண்டு பேர் அனுப்பினாங்க. ராத்திரி முழுக்க தூங்கல, காலைல ஒண்ணும் சாப்பிடல, ஃபார்ம்ல மட்டும் சாப்பிட்டேன்னு டிக் போட்டேன். குடுத்து முடிச்சதும் பத்து பதினஞ்சு நிமிஷம் படுத்திருக்கணும், நான் மூணாவது நிமிஷம் நாற்காலி வேன் எங்கன்னு எழுந்து ஓடினேன். தப்பு முழுக்க என்னோடது, ரத்தத்து மேல பழி போடாதீங்க. உடம்புல ஏறக்குறைய அஞ்சு லிட்டர் இருக்கு, எடுத்தது 350 மில்லி. இதயத் துடிப்பு கொஞ்சம் குறைஞ்சு, ரத்தக்குழாய் விரிஞ்சு, மூளைக்கு போற ரத்தம் ஒரு நிமிஷம் மட்டுப்பட்டா ஆள் சாஞ்சிடுவான், கால தூக்கி வெச்சு படுக்கப் போட்டா தானா தெளிஞ்சிடும்னு சிஸ்டர் சொன்னாங்க. சொன்ன மாதிரியே ரெண்டு நிமிஷத்துல தெளிஞ்சிடுச்சு.

இங்க ஒரு உண்மைய ஒத்துக்கறேன். நான் ரெண்டு மணி நேரம் நினைவில்லாம கிடந்ததா ஒரு பேச்சு ஓடிட்டிருக்கு. மயக்கம் ரெண்டே நிமிஷம்தான். மிச்சம் ஒண்ணே முக்கா மணி நேரம் தூக்கம். கட்டில், ஃபேன், யாரும் என்னை எதுவும் கேக்கல, தூங்கிட்டேன். மன்னிக்கணும்.

இப்ப யாருக்காக இத எழுத உக்காந்தேனோ அங்க வர்றேன். நான் விழுந்தப்ப கையில இருந்த போன் தரையில விழுந்து அடிச்சிட்டே இருந்திருக்கு. ரெண்டு நாள்ல அஞ்சு நிகழ்ச்சி, எல்லாத்துக்கும் நோட்டீஸ்ல ஒரே நம்பர், என் நம்பர், அது வேற யாரோட ஐடியாவும் இல்ல. எல்லாரும் என்னை சுத்தி நின்னு காத்து விட்டுட்டு இருந்தப்ப, பக்கத்து ஹால்ல ஓவியப் போட்டிக்கு வந்த ஒரு பொண்ணு, பத்தாவது படிக்கறா, கலர் கலக்க டம்ளர்ல தண்ணி புடிக்க வந்தவ, போன எடுத்து "செயலாளர் அங்கிள் இப்ப படுத்திருக்காரு, என்ன விஷயம்னு எங்கிட்ட சொல்லுங்க"ன்னு பேச ஆரம்பிச்சிருக்கா. அவ்ளோதான். அங்கேயே தரையில சம்மணம் போட்டு உக்காந்து, நான் முழிக்கற வரைக்கும் 31 போன் பேசியிருக்கா. ஒவ்வொண்ணையும் ஒரு சார்ட் பேப்பர் பின்னாடி பென்சில்ல எழுதியும் வெச்சிருக்கா. அந்த பேப்பர் இப்ப என் முன்னாடி இருக்கு, அதுலேருந்து கொஞ்சம் அப்படியே தர்றேன்:

"10.42. நாற்காலி அண்ணன். முன் கேட்ல வேன் நுழையலயாம். பின் கேட்டுக்கு வர சொன்னேன். அது பூட்டியிருக்கு, சாவி அங்கிள் பாக்கெட்ல. எடுத்துட்டேன், சாரி."

"11.05. ஒரு தாத்தா. ரத்தம் குடுக்கலாமான்னு கேட்டாரு. வயசு 71. சிஸ்டர் வேணாம்னாங்க. பாவமா இருந்துச்சு, ஓவியப் போட்டிக்கு ஜட்ஜா வரச் சொல்லிட்டேன்."

"11.14. கயிறு இழுக்கற டீம். ஒரு பக்கம் 8 பேரா 11 பேரான்னு சண்டை. ஒலிம்பிக்ல கடைசியா இருந்தப்ப 8 தான்னு சொன்னேன். நம்பல. பிடி சார் சொன்னாருன்னேன், நம்பிட்டாங்க. கையில கயிற சுத்திக்காதீங்க, விரல் போயிடும்னும் சொன்னேன்."

(கயிறு இழுக்கறது 1900லேருந்து 1920 வரைக்கும் நெஜமாவே ஒலிம்பிக்ல இருந்திருக்கு, நான் நேத்துதான் தேடி பாத்தேன். பிடி சார் சொன்னாரான்னு மட்டும் அவகிட்ட கேக்கணும்.)

"11.20. அங்கிளோட அம்மா. நல்லா இருக்காரு, தூங்குறாருன்னு சொன்னேன். ரெண்டும் உண்மை. சாப்பிட்டானான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன், அதுல பொய் சொல்ல வரல."

"11.24. மறுபடியும் அங்கிளோட அம்மா. எழுப்பி சாப்பிட சொல்லணுமாம்."

எங்கம்மாவுக்கு போன்ல என் குரல் கொஞ்சம் கம்மினாலே படபடப்பு வந்துடும். "விழுந்துட்டாரு"ன்னு ஒரு வார்த்தை வந்திருந்தா அன்னிக்கு ரெண்டு பேர படுக்கப் போட்டிருக்கணும். அந்த 11.20 வரிய மட்டும் எத்தனை தடவை படிச்சேன்னு தெரியல. 15 வயசுல எனக்கு இந்த நிதானம் இல்ல, 48லயும் இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு.

மத்தவங்கள எல்லாம் ஒரே மூச்சுல சொல்லிடறேன், கோச்சுக்காதீங்க. என் கால தூக்கி புடிச்சிட்டு நின்ன ரெண்டு தம்பிங்க, நான் விழுந்தத கண்ணால பாத்தும் வரிசைய விட்டு போகாம நின்ன 11 பேர் (ஒரு பெரிய கும்பிடு, ஏன்னா எடுத்து வெச்சா, ரத்தத்த உறைய வைக்கற தட்டணுக்கள் அஞ்சு நாள் போல தான் தாங்கும், சிவப்பணுக்களே மிஞ்சிப்போனா 42 நாள், இத வாங்கி அடுக்கி வெச்சுக்க முடியாது), மைக்க ஸ்பீக்கருக்கு நேரா நீட்டினா அந்த சத்தமே திரும்ப மைக்குள்ள போய் கீச்சுன்னு கத்தும்னு தலைவருக்கு நாலு தடவை பொறுமையா வெளக்கின சவுண்டு சர்வீஸ் அண்ணன், 15 பசங்களுக்கு 15 நாற்காலி போட்டு மூணு ரவுண்டு பாட்டு நிறுத்தியும் யாருமே அவுட் ஆகலயேன்னு கடைசில கண்டுபிடிச்ச அக்கா, எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை பொதுக்குழுவுக்கு கோரம் (கூட்டம் நடத்த தேவையான குறைஞ்சபட்ச ஆளுங்க) இல்லாம அரை மணி நேரம் தள்ளி வெச்சோம், அப்புறம் நடந்ததுதான் உண்மையான கோரம், அதையும் பொறுத்துக்கிட்ட 19 பேருக்கும் நன்றி. 71 வயசு ஜட்ஜ் தாத்தா தண்ணீரை சேமிப்போம்ங்கற தலைப்புக்கு வந்த 40 சொட்டு குழாயையும் உத்து உத்து பாத்துட்டு, பாதி படம் அப்பா அம்மா வரைஞ்சதுன்னு மேடையிலேயே சொன்னாரே, அவருக்கு தனியா.

இனிமே ஒரு வாரக் கடைசிக்கு ஒரு நிகழ்ச்சிதான். ரெண்டாவதுன்னு யாராவது பேச்செடுத்தா நான் அங்கேயே படுத்துடுவேன், இப்ப எனக்கு அதுல அனுபவம் இருக்கு. மைக்க தொடறதுக்கு முன்னாடி சாப்பிடவும் செய்வேன், இது எங்கம்மாவுக்கு குடுத்த வாக்கு.

இன்னும் ஒண்ணு. ஞாயித்துக்கிழமை ராத்திரி எல்லாம் முடிஞ்சு அந்த பேப்பர மடிச்சு வைக்கலாம்னு திருப்பினேன். போட்டி முத்திரை குத்தின பேப்பர். அவளோடது. மத்தவங்க எல்லாரும் குழாய் வரைஞ்சாங்க, அவ குழாய்க்கு அடியில ஒரு பக்கெட், அத தூக்க ரெண்டு கைங்க பென்சில்ல வரைஞ்சிருக்கா. பக்கெட் மட்டும் நீலத்துல பாதி வரைக்கும் கலர் அடிச்சிருக்கு, மேல வெள்ளை. தண்ணி புடிக்க வந்தவ திரும்பி போகவே இல்ல. போட்டி 12 மணிக்கு முடிஞ்சது, நான் முழிச்சது 12.20.

கண்ணு, உன் பெயிண்ட் டப்பாவும் ரெண்டு பிரஷ்ஷும் ஹால்லயே கிடந்துச்சு, எடுத்து கழுவி ஆபீஸ் ரூம்ல வெச்சிருக்கேன். படத்த முடிச்சு குடு, ஜட்ஜ் தாத்தா எப்ப வேணா பாக்கறேன்னு சொல்லிட்டாரு. பின்னாடி எழுதினத மட்டும் நான் போட்டோ எடுத்து வெச்சுக்கறேன். அப்புறம் வரும்போது பின் கேட் சாவிய மறக்காம எடுத்துட்டு வா, நாற்காலி வேன் இன்னும் உள்ளதான் நிக்குது.