சிவப்புப் பைக்குள் இருந்த ஊசி

சேலம்,
ஜூன் 14

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் நலம். பெரியவன் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், சின்னவள் பிளஸ் டூ. அம்மாவுக்கு மட்டும் முழங்கால் படுத்துகிறது. உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே? நீ வைஸ் பிரின்சிபால் ஆனதை எஸ்தர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட அம்மையாருக்குக் கை வலித்ததா? ஹாஸ்டலில் என் சோப்பு, என் சீப்பு, என் கேஸ் ஸ்டடி நோட்டு எல்லாம் உன்னுடையதாக இருந்ததே, உன் நல்ல செய்தி மட்டும் எனக்குக் கிடையாதா? சரி, மிச்ச சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் தூய்மைப் பணி செய்கிற பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கத்து மலைக்காரப் பெண், முப்பது வயது இருக்கும், இரண்டு பிள்ளைகள். வாரம் முழுக்கக் கன்னங்குறிச்சியில் தங்கை வீட்டில் இருந்துகொண்டு வேலைக்கு வருவாள், சனிக்கிழமை சாயந்திரம் மலைக்கு பஸ் ஏறுவாள். புருஷனுக்கு அங்கே காபித் தோட்டத்தில் வேலை.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை காலை, மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு போகிறேன், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றாள். “சிஸ்டர், ஊசி குத்துனா ஜொரம் வருமா?” என்று கேட்டாள். ஆள்காட்டி விரலில் அழுக்கேறிய பிளாஸ்திரி. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. சனிக்கிழமை சாயந்திரம் சிவப்புப் பையை அமுக்கிக் கட்டும்போது உள்ளேயிருந்த ஊசி கையுறையைத் துளைத்து விரலில் ஏறியிருக்கிறது. சிவப்புப் பையில் வர வேண்டியது ஐ.வி. செட்டும் ஊசி கழற்றிய சிரிஞ்சும். ஊசியைப் போட வேண்டிய இடம், துளைக்க முடியாத வெள்ளை டப்பா. யாரோ அவசரத்தில் ஊசியோடு சேர்த்தே போட்டிருக்கிறார்கள். எந்த நோயாளிக்குப் போட்ட ஊசி என்று எப்படித் தெரியும்? இவள் விரலை நசுக்கிப் பிழிந்திருக்கிறாள், வாயில் வைத்துச் சப்பியிருக்கிறாள், அப்புறம் ஸ்பிரிட்டை ஊற்றியிருக்கிறாள். மூன்றும் செய்யக் கூடாதவை. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்று அவளுக்கு யாருமே சொன்னதில்லை, வசந்தி. சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். “சின்னக் குத்துக்குப் போயி ஏம்மா, ஒரு டி.டி. ஊசி போட்டுக்க, வெளியில பேசாத” என்று அனுப்பிவிட்டான். டி.டி. போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

சனி சாயந்திரம் 5 மணி, திங்கள் காலை 8 மணி. 39 மணி நேரம் ஓடிவிட்டது. குத்துப்பட்ட பிறகு எச்.ஐ.வி. தொற்றிவிடாமல் தடுக்கக் கொடுக்கிற பெப் மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், 72 மணிக்கு மேல் போனால் கொடுப்பதில் பயனில்லை என்று நீ வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள், உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கை ஒரு பெண்ணின் முகத்துக்கு எதிரே நின்று போடும்போது வயிறு கலங்குகிறது. அவள் இன்னொரு நாள் கழித்து வந்திருந்தால்? என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டிருந்தால்?

இன்சார்ஜ், ரவுண்ட்ஸ் முடியட்டும் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து அவளை ஜி.ஹெச்சுக்கு அழைத்துப் போனேன். அங்கே வேலை சுறுசுறுப்பாக நடந்தது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்குமான நம்பிக்கை மையத்தில் கவுன்சலர் பெண், சின்ன வயசு, அவளை உட்கார வைத்துப் பேசிய விதத்தைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை தருகிற ஹெபடைடிஸ் பி, சி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கர்ப்பம் என்று எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. ஊசி யாருடையது என்று தெரியாததால் கொடுத்துவிடுவதே நல்லது என்று டாக்டர் சொல்லி, முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தார். டினோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று, 28 நாள். காசு கிடையாது. நாம் டிரெய்னிங்கில் இருந்தபோது இதே பெப்புக்குக் கொடுத்த சிடோவுடின் சாப்பிட்டுவிட்டு மெடிக்கல் வார்டு அக்கா வாந்தியெடுத்தே துவண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? இந்தப் பெண்ணுக்கு முதல் வாரம் கொஞ்சம் தலைவலி, தூக்கக் குறைவு, அவ்வளவுதான். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் டொலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. அதனால் இரும்புச்சத்தைக் காலையிலும் இந்த மாத்திரையை ராத்திரியிலும் மாற்றி வைத்தோம்.

பயத்தை அளந்து சொல்ல வேண்டியதும் நம் வேலைதான். எச்.ஐ.வி. உள்ளவர் ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொற்று வருவது ஆயிரத்தில் மூன்று பேருக்கு. அதையும் மருந்து பெருமளவு தடுத்துவிடும். எனக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்கு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி அதே குத்தில் நூற்றுக்கு முப்பது பேர் வரைக்கும் வரலாம். உனக்கும் எனக்கும் வேலையில் சேரும்போதே மூன்று தவணை போட்டுவிட்டார்கள். ஊசி கிடக்கிற பையை ஒரு நாளைக்கு நாற்பது தடவை தூக்குகிறவளுக்கு ஒன்றுகூடப் போடவில்லை. கான்ட்ராக்ட் ஆளாம்! ரத்தத்துக்கு யார் கான்ட்ராக்ட், யார் பெர்மனன்ட் என்று தெரியுமா? அன்றைக்கே அவளுக்கு முதல் தவணை போட வைத்தேன்.

உண்மையான கஷ்டம் அதற்கப்புறம்தான் வந்தது. மாத்திரை பாட்டில் கலகலவென்று சத்தம் போடும் என்று உள்ளே பஞ்சு அடைத்து, தங்கை வீட்டில் மிளகு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். ஆனால் புருஷனிடம் சொல்லாமல் இருக்க முடியாது. பரிசோதனையெல்லாம் முடிகிற வரைக்கும் ஆணுறை போட வேண்டும் என்று கவுன்சலர் சொல்லிவிட்டாளே. அந்த வார்த்தையை வீட்டில் எடுத்தாளோ இல்லையோ, அவன் கேட்ட முதல் கேள்வி, “யாரு அவன்?”

நான் அவனை வரச் சொன்னேன். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து, ஆஸ்பத்திரிக்கு எதிர்க்க இருக்கிற டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். முதலில் என் முகத்தையே பார்க்கவில்லை. பிள்ளைங்க அவ தட்டுல சாப்பிடலாமா, ஒரே கம்பளியில படுக்கலாமா என்று கேட்டான். எல்லாம் செய்யலாம் என்றேன். அப்புறம், கிருமி உடம்புக்குள் நுழைந்தாலும் உடனே பரவிவிடுவதில்லை, நிணநீர்க் கணுவுக்குப் போய் அங்கே செல்லுக்குள் தன்னைப் பதித்துக்கொள்ள இரண்டு மூன்று நாள் ஆகும், பதிந்துவிட்டால் எந்த மருந்தாலும் அதைப் பிடுங்கி எறிய முடியாது, அதற்கு முன்னாலேயே மருந்து ரத்தத்தில் தயாராக நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “காபிச் செடியில தண்டுத் துளைப்பான் வரும் சிஸ்டர். பட்டை மேல இருக்கிறப்பவே மருந்து அடிச்சாப் போச்சு. தண்டுக்குள்ள புகுந்துட்டா செடியைப் பிடுங்கித்தான் போடணும். அந்த மாதிரியா?” என்று கேட்டான். அதேதான் தம்பி என்றேன். அன்றிலிருந்து தினமும் ராத்திரி எட்டரை மணிக்கு மலையிலிருந்து போன் போட்டு, மாத்திரை போட்டியா என்று கேட்டது அவன்தான். ஒரு நாள்கூட விடவில்லை.

28 நாளும் முடித்துவிட்டாள். ஆறாவது வாரப் பரிசோதனையில் நெகட்டிவ். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் இன்னும் இருக்கிறது.

இன்னொரு விஷயம். ஜெயா உன்னிடம் சொல்லச் சொன்னாள், அதனால்தான் எழுதுகிறேன். அவள் தம்பி, நம் ஹாஸ்டல் வாசலுக்கு மாம்பழக் கூடை சுமந்துகொண்டு வருவானே, அவனுக்குப் போன வருஷக் கடைசியில் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. லாரித் தொழில், சங்ககிரியில் இருக்கிறான். அவன் மனைவிக்கு இல்லை. அவள் விட்டுவிட்டுப் போகவில்லை, குழந்தை வேண்டும் என்கிறாள். அவன் மருந்து ஆரம்பித்துவிட்டான், ஆனால் வைரஸ் அளவு இறங்குவதற்குச் சில மாதம் பிடிக்கும். அதுவரைக்கும் அவளுக்கு டாக்டர் பிரெப் கொடுத்திருக்கிறார். டினோபோவிரும் எம்ட்ரிசிடாபினும் சேர்ந்த மாத்திரை, தினமும் ஒன்று. குத்திய பின்னால் 28 நாள் சாப்பிடுகிற கதை இல்லை இது, ஆபத்து இருக்கிற காலம் முழுக்க முன்கூட்டியே சாப்பிடுவது. ஆரம்பிக்கும் முன் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திரும்பப் பார்க்க வேண்டும், சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். அவன் ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றுவிட்டால், அப்புறம் அவனிடமிருந்து அவளுக்கு உடலுறவில் பரவவே பரவாது. ஜெயாவுக்கு இதைச் சொன்னபோது நம்பவில்லை, மறுபடி மறுபடி கேட்டாள். நம் தலைமுறை நர்சுகளே நம்ப மறுக்கிறோம் என்றால் மற்றவர்களை என்ன சொல்ல?

லெனாகபாவிர் பற்றிப் படித்தாயா? எச்.ஐ.வி. வராமல் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி! தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் அந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. 2024ல் அந்த முடிவு வந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள், ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. குறைந்த விலையில் தயாரிக்க நம் நாட்டுக் கம்பெனிகளுக்கும் உரிமம் கிடைத்திருக்கிறது. தினமும் மாத்திரையை ஒளித்து வைத்து விழுங்குகிற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! 1986ல் இதே தமிழ்நாட்டில், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் ஆறு பெண்களின் ரத்தத்தில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தபோது ஒரு மருந்துகூடக் கையில் கிடையாது. இன்றைக்கு முன்னாலும் மருந்து இருக்கிறது, பின்னாலும் மருந்து இருக்கிறது. தேவைப்படுகிறவர்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை என்பதுதான் என்னைத் தூங்க விடாமல் அடிக்கிறது.

இங்கே நான் சும்மா இருக்கவில்லை. 2017ஆம் வருஷத்து எச்.ஐ.வி. சட்டத்தை எடுத்துக்கொண்டு போய் இன்சார்ஜ் மேஜையில் வைத்தேன். 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற, தொற்று அபாயம் இருக்கிற அனைவருக்கும் பாதுகாப்பும் பயிற்சியும் பெப் மருந்தும் தர வேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. நர்சுக்கு மட்டும் என்று எங்கேயும் இல்லை. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. இப்போது ஒவ்வொரு டிராலியிலும் வெள்ளை டப்பா வந்துவிட்டது, குத்துப்பட்டால் எழுதி வைக்க ஒரு ரெஜிஸ்டரும் வந்திருக்கிறது. தூய்மைப் பணியாளர்களுக்கு ஹெபடைடிஸ் தடுப்பூசி மட்டும் இன்னும் கடிதப் போக்குவரத்தில் நிற்கிறது. விடமாட்டேன்.

இனி உன் பங்கு. வார்டில் அடிக்கடி குத்துப்படுவது டிரெய்னிங் பிள்ளைகள். மார்க் போய்விடும், திட்டு விழும் என்று மறைத்துவிடுகிறார்கள். குத்துப்பட்டு வந்து சொல்கிற பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசக் கூடாது என்று நீ உத்தரவே போடு, இப்போதுதான் அதிகாரம் இருக்கிறதே. ஊசியைத் திரும்ப மூடிக்குள் நுழைக்காதே, கையோடு வெள்ளை டப்பாவில் போடு என்பதைப் பரீட்சைக்காக மட்டும் சொல்லித்தராதே. அந்தப் பையைக் கட்டப்போகிற பெண்ணை வகுப்புக்குக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் உட்கார வை. கேஷுவாலிட்டிக்குப் போகிற பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்: பாலியல் வன்முறைக்கு ஆளாகி வருகிற பெண்ணுக்கும் இதே 72 மணிதான். போலீஸ், கையெழுத்து, சாட்சி என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்துவிட்டு மாத்திரையை மறந்துவிடக் கூடாது. 1097 என்ற இலவச எண்ணையும் அவர்கள் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்கட்டும்.

ஜூலை முதல் ஞாயிறு எங்கள் தூய்மைப் பணியாளர்களை உட்கார வைத்துப் பேசப்போகிறேன். அந்த மலைக்காரப் பெண்ணும் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், அவளாகவே கேட்டாள். உன் பிள்ளைகள் வரைந்த படச் சுவரொட்டி இருக்கிறது என்று எஸ்தர் சொன்னாளே, அதில் எழுத்தைப் பெரிதாக்கி, படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி படம் போட்டு நான்கு பிரதி எடுத்துக்கொண்டு நீயே வா. சனிக்கிழமையே கிளம்பி வந்துவிடு, புது பஸ் ஸ்டாண்டில் வந்து அழைத்துக்கொள்கிறேன். அம்மா உனக்காக மல்கோவா எடுத்து வைக்கச் சொல்லிவிட்டாள். எந்த பஸ் என்று மட்டும் முன்கூட்டி எழுது, இந்த முறையாவது எஸ்தர் மூலமாகச் சொல்லி அனுப்பாதே.

அன்புடன்,
மணிமேகலை