பொங்கல் வாழ்த்து அட்டை இந்த வருஷமாவது அனுப்புவோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கல் கிட்ட வந்துடுச்சு, கடைத்தெருவுல கோலப்பொடி, புதுப்பானை எல்லாம் வந்தாச்சு, ஆனா பொங்கல் வாழ்த்து அட்டை விக்கிற கடைய மட்டும் எங்க தேடியும் காணோம். ஃபேன்சி ஸ்டோர்ல கேட்டா பர்த்டே கார்டு இருக்கு, பொங்கலுக்கு இப்ப யாருங்க வாங்குறாங்கன்னு சொல்லிட்டாங்க. மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு, அதான் எழுதுறேன்.

80, 90கள்ல மார்கழி பாதி தாண்டினாலே பஜார்ல பிளாட்பாரம் பூரா கார்டு கடைதான். கயிறு கட்டி க்ளிப் மாட்டி தொங்க விட்டிருப்பாங்க, எம்ஜிஆர், சிவாஜி, ரஜினி, கமல் ஒரு பக்கம், முருகன், லட்சுமி ஒரு பக்கம், பானை பொங்குறது, ஏர் உழுறது, ஜல்லிக்கட்டு காளை இன்னொரு பக்கம். சிவகாசில அச்சடிச்சு வர்ற கார்டு நிறைய இருக்கும். கொஞ்சம் காசு கூட குடுத்தா ஜிகினா ஒட்டினது கிடைக்கும், தொட்டா விரல்லயே ஒட்டிக்கும். தாத்தாவுக்கு சாமி படம், ரஜினி ரசிகரான மாமாவுக்கு ரஜினி படம், கூட படிக்கிற பிள்ளைக்கு ரோஜாப்பூன்னு ஆளுக்கு ஏத்த மாதிரி பாத்து பாத்து எடுக்கவே ஒரு சாயங்காலம் போயிடும். கவரை ஒட்டாம மடக்கி சொருகி மேல 'புக் போஸ்ட்'னு எழுதினா ஸ்டாம்பு கம்மி, ஆனா உள்ள லெட்டர் மாதிரி விலாவாரியா எழுதக்கூடாது. யார் யார்கிட்ட இருந்து வந்துச்சு, பதில் கார்டு போட்டாச்சான்னு அம்மா ஒரு நோட்டுல டிக் அடிச்சு வச்சிருப்பாங்க, ஒருத்தருக்கு விட்டுப்போனாகூட அடுத்த கல்யாண வீட்ல அந்தப் பேச்சு வந்துரும்.

எஸ்டிடி பூத் வந்துச்சு, அப்புறம் எஸ்எம்எஸ் (பண்டிகை நாள்ல ஃப்ரீ கிடையாது, தனி சார்ஜ்னு கம்பெனிங்க போட்டும் ஜனங்க அனுப்பத்தான் செஞ்சாங்க), இப்ப வாட்ஸ்அப். அதை வேணாம்னு சொல்லல, வெளிநாட்டுல இருக்குற புள்ளைங்ககிட்ட இருந்து உடனே வாழ்த்து வர்றது சந்தோஷம்தான். ஆனா ஒரே பானை படம் நாலு குரூப்ல சுத்தி வருது, அது எனக்குன்னு யாரும் எடுத்து அனுப்புனது இல்லையே. என்னை நினைச்சு ஒருத்தர் கடையில நின்னு எடுத்தாங்க பாருங்க, அதுதான் போயிடுச்சு.

நம்ம பிள்ளைங்க தமிழ் பரீட்சையில கடிதம் எழுதி, கட்டம் போட்டு உறைமேல் முகவரியும் எழுதி மார்க் வாங்குறாங்க, ஆனா நிஜமா ஒரு லெட்டர் தபால் பெட்டியில போட்ட பிள்ளை எத்தனை பேர் இருப்பாங்க? அஞ்சலட்டை இன்னும் 50 காசுதான். அரையாண்டு லீவு முடிஞ்சு வந்ததும் டீச்சருங்க ஆளுக்கு ஒண்ணு குடுத்து, ஒரு பானையும் கரும்பும் வரைய வச்சு ஆச்சிக்கோ சித்தப்பாவுக்கோ அனுப்பச் சொல்லலாம். தபால் துறையும் மார்கழி, தை மாசத்துக்கு மட்டுமாவது வாழ்த்து அட்டைக்குன்னு ஒரு சலுகை ரேட் வச்சா நல்லா இருக்கும், இப்ப சாதாரண கவர் 20 கிராமுக்கு 5 ரூபா ஆகுது.

உங்க பேப்பர்லயும் ஞாயித்துக்கிழமை இணைப்புல ஒரு பக்கம் வெட்டி ஒட்டுற மாதிரி வாழ்த்து அட்டை படம் போடுங்க சார், கலர் அடிக்க இடம் விட்டு. ஜனவரி முதல் வாரத்துக்குள்ள தபால்ல சேர்த்தாத்தான் போகிக்கு முன்னாடி போய்ச் சேரும், அதனால டிசம்பர் கடைசியிலயே போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர்