அரச சேவையில் 12 ஆண்டுகள்

அன்புள்ள சித்தப்பா,

நாளை மறுநாள் உங்கள் ஆட்டைத் திவசம். ஐயருக்குச் சொல்லியாகிவிட்டது, சமையலுக்கும் ஆள் பிடித்தாகிவிட்டது. சித்தி நாளை இரவு பஸ்ஸில் கொழும்பிலிருந்து வெளிக்கிடுகிறார். அவர் வந்து சேருமுன் இதை எழுதிவிட வேண்டும்.

உங்கள் 31ஆம் நாளுக்கு அடித்த கல்வெட்டில், அந்த நினைவுப் புத்தகத்தில், வாழ்க்கைக் குறிப்பை எழுதியவன் நான். கம்பனியில் போக்குவரத்து முகாமையாளராகச் சேர்ந்ததிலிருந்து பணிப்பாளர் சபைக்கு உயர்ந்தது வரை இரண்டு பக்கம் எழுதினேன். 1962 முதல் 1974 வரை நீங்கள் அரச விமானப்படையில் விமானியாக இருந்த காலத்துக்கு ஒரே வரி: ‘அரச சேவையில் 12 ஆண்டுகள்.’ யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது.

விறாந்தையில் இருந்த உங்கள் படத்தைக் கழற்றியதும் நான்தான். கறையான் அரித்துவிட்டது என்று அப்பாச்சியிடம் சொன்னது பொய்.

1987 சித்திரை, வருடப்பிறப்பு கழிந்த கையோடு. யாழ்ப்பாணத்துக்கு மேலே அந்தப் படையின் பொம்மர் வந்தால் நான்கு வீட்டார் எங்கள் வளவுப் பங்கருக்குள் இறங்குவார்கள். பனங்குற்றி அடுக்கி மேலே மண்மூட்டை போட்டு அப்பா கட்டியது. அயலில் அதுதான் பலமானது. அன்று சியாமாசெட்டி என்ற குண்டுவீச்சு விமானம் இரண்டு முறை சுற்றியது. மூன்றாவது சுற்றில் சத்தம் மாறியது. குண்டு போடப் பதிகிறான் என்று யாரோ சொன்னார்கள். அப்பாச்சி என் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “இது என் பிள்ளையின் பிளேன் இல்லை. அவன் விலகி எவ்வளவோ காலம்.” அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை, சித்தப்பா.

மேலே வந்தபோது பின்வீட்டு அக்காவின் அடுப்படி இல்லை. புழுதி படிந்த தலையோடு எங்கள் விறாந்தைக்கு வந்து தண்ணீர் கேட்டார். செம்பை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தவரின் கண் சுவரில் நின்றது. விமான இறக்கையில் கை வைத்தபடி, சீருடையில், நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. செம்பை நிலத்தில் வைத்துவிட்டுப் போனார். பாதித் தண்ணீர் அதில் அப்படியே இருந்தது.

அன்று இரவே கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றி, சாக்கில் சுற்றிப் பங்கருக்குள் புதைத்தேன். எனக்கு 11 வயது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அதைத் தோண்டி எடுக்கத் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது வீடு நின்றது, பங்கர் தூர்ந்து போயிருந்தது. அப்பாச்சியோ படம் போன மறுநாளே அந்த ஆணியில் கலண்டரைக் கொழுவிவிட்டார். கறையானுக்கு மருந்து வாங்கி வா என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

முதல் குண்டு விழுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே நீங்கள் விலகிவிட்டீர்கள். இதை நான் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் எங்கே சொன்னீர்கள்? அந்த ஆண்டுகளில் எங்களுக்கு எழுதிய ஒரு கடிதத்திலாவது அந்தப் படை செய்வது பிழை என்று ஒரு வரி உண்டா? உத்தியோகம் இருந்தது, சித்தியும் பிள்ளைகளும் கொழும்பில் இருந்தார்கள். தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறேன்.

1971 ஏப்ரல் பற்றி ஒரே ஒருமுறை என்னிடம் கதைத்தீர்கள். தெற்கில் கிளர்ச்சி வெடித்ததும் சீனக்குடா விமானத்தளத்தில் மூடி வைத்திருந்த ஜெட் புரோவோஸ்ட் விமானங்களை வெளியே இழுத்தது ஊரறிந்தது. அதன் பிறகு நீங்கள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். உங்கள் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். சம்பளம் போதவில்லை என்று விலகினேன் என்பீர்கள். கேட்பவர்களுக்கு நானும் அதையே சொல்கிறேன்.

1997இல் கொழும்புச் சுற்றிவளைப்பில் என்னைப் பிடித்து ஒரு பொலிஸ் நிலையத்தில் இருத்தியபோது, விடியப்புறம் டை கட்டிக்கொண்டு வந்தீர்கள். முதலில் பணிப்பாளர் என்ற விசிட்டிங் கார்டை நீட்டினீர்கள். அது எடுபடவில்லை. பிறகு பர்ஸின் உள்மடிப்பிலிருந்து பழைய விமானப்படை அட்டையை எடுத்தீர்கள். பொறுப்பதிகாரி எழுந்து நின்றார். எந்தப் படத்தைப் புதைத்தேனோ அந்த முகம்தான் அந்த அட்டையிலும் இருந்தது. நான் வெளியே வந்தேன். என்னோடு வாங்கில் இருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

காரில் ஏறுமுன் வழக்கம்போல ஒரு சுற்று வந்து நான்கு டயரையும் கையால் தொட்டுப் பார்த்தீர்கள். பறக்குமுன் விமானத்தைச் சுற்றிப் பார்த்த பழக்கம். கம்பனி லொறிகளையும் அப்படித்தான் பார்ப்பீர்கள் என்று செத்தவீட்டுக்கு வந்த சாரதிகள் சொன்னார்கள். அன்று உங்கள் கை நடுங்கியது. நான் கண்டதை நீங்களும் கண்டீர்கள். வீடு வரும்வரை இருவரும் கதைக்கவில்லை. நன்றி என்று ஒரு சொல் நான் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கல்வெட்டின் அந்தப் பக்கத்தை மட்டும் திருத்தி அடிக்கக் கொடுத்திருக்கிறேன்: ‘றோயல் சிலோன் விமானப்படையில் விமானி. 1962இல் சேர்ந்து 1974இல் விலகினார்.’ நீங்கள் விலகுமுன்னரே படையின் பெயர் மாறிவிட்டது, ஆனால் நீங்கள் சேர்ந்த பெயரையே போட்டிருக்கிறேன். சித்திக்கு இன்னும் சொல்லவில்லை. கோபிப்பார்.

பின்வீட்டு அக்காவுக்கும் திவசத்துக்குச் சொல்லியிருக்கிறேன். வருவதாகச் சொன்னார். அந்தப் பக்கத்தை அவருக்கு என் கையாலேயே கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

உங்கள் பெறாமகன்