தொட மாட்டோம், பார்க்க விடுங்கள்: கல்லூரித் தகவல் தொழில்நுட்பக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இதே விஷயமாக இரண்டு மனு கொடுத்தாயிற்று. இரண்டிலும் 'பெறப்பட்டது' என்று முத்திரை விழுந்ததோடு சரி. அதனால் மூன்றாவதை எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். சிஸ்டம் அறையில் இருக்கும் எங்கள் மூன்று பேருக்கும் வளாகத்து நெட்வொர்க் ஸ்விட்சுகளில் (கணினிகளைக் கம்பியால் இணைக்கும் பெட்டிகள்) கமாண்ட் லைன் வழியாக, அதாவது கட்டளை அடித்து, நுழைந்து இன்டர்ஃபேஸ்களின் (கம்பி செருகும் போர்ட்டுகள்) நிலையைப் பார்க்க அனுமதி வேண்டும். பார்க்க மட்டும்.

பராமரிப்பு வெளி நிறுவனத்துக்குப் போனது ஏன், எங்களிடமிருந்த பாஸ்வேர்டுகள் திரும்ப வாங்கப்பட்டது ஏன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. நேராக நவம்பருக்கு வருகிறேன்.

தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி வாரம். இரண்டாம் தளத்துக் கட்டண கவுன்ட்டரில் ஒரு ரசீது அச்சாகி வர நாலைந்து நிமிடம் ஆனது. வரிசை படிக்கட்டில் இறங்கி வாசலைத் தொட்டது. கீழ்த்தளத்து சர்வர் அறையிலிருந்து அந்தத் தளத்துக்குப் போகிற இணைப்பில்தான் கோளாறு என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. கீழே எல்லாம் பறக்கிறது, மேலே எல்லாம் தவழ்கிறது. ஆனால் அந்த இணைப்பின் இரண்டு முனையிலும் விளக்கு பச்சை. டாஷ்போர்டிலும் பச்சை. பிங் போட்டால், அதாவது 'இருக்கிறாயா' என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பினால், சமர்த்தாகப் பதில் வருகிறது. பராமரிப்பு நிறுவனத்துக்கு டிக்கெட் (புகார்) போட்டேன். 'லிங்க் அப், பிங் ஓகே' என்று எழுதி மூடிவிட்டார்கள். மறுபடி போட்டேன், மறுபடி மூடினார்கள். மூன்றாவதையும் மூடினார்கள்.

ஸ்விட்சுக்குள் போய்ப் பார்க்க வழியில்லாதவன் என்ன செய்வான்? கையில் இருப்பதை மாற்றிப் பார்ப்பான். முதலில் பேட்ச் கார்டுகளை (முனையில் செருகும் குட்டிக் கம்பிகள்) மாற்றினேன். பிறகு இரண்டு முனையிலும் கேபிளை வெட்டிப் புது பிளக் வைத்து மறுபடி கிரிம்ப் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. கேபிளே போயிருக்கும் என்று நானும் உதவியாளர் தம்பியும் ஃபால்ஸ் சீலிங் பலகைகளைக் கழற்றி, ஏணி மேல் நின்று, 60 மீட்டர் கேட்-6 நெட்வொர்க் கேபிள் புதிதாக இழுத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது. மூக்கிலும் கண்ணிலும் போன தூசியில் தம்பிக்கு மூன்று நாள் இருமல். அந்த கேபிளுக்கான பில்லில் கையெழுத்துப் போட்டதும் நீங்கள்தான், நினைவிருக்கும்.

திங்கட்கிழமை காலை அதே நாலு நிமிடம். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், லீவு போட்டுவிட்டு வந்தவர் போல, என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இது ஓடுதா, ஓடுற மாதிரி நிக்குதா?" நெட்வொர்க் படித்த எவரும் அதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

பதினோராம் நாள் ஒப்பந்த நிறுவனத்திலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல பையன், அவன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஸ்விட்சோடு நேராகப் பேசும் வெளிர் நீல கன்சோல் கேபிளைச் செருகினான், புட்டி மென்பொருளில் வேகம் 9600 வைத்தான், உள்ளே போனான். நான் டார்ச் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். 'ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்' என்று அடித்தான். இருபத்துநாலாம் போர்ட்டுக்கு நேரே 'ஏ-ஹாஃப், ஏ-100' என்று நின்றது ('ஏ' என்றால் ஆட்டோ). அந்த ஒரு போர்ட்டை மட்டும் விரித்துப் பார்த்தான். லேட் கொலிஷன் (தாமதமாக நேர்ந்த மோதல்) என்ற இடத்தில் ஆறு இலக்கத்தில் ஒரு எண். திரும்பி என்னைப் பார்த்தான். "இதைப் பார்க்கவாண்ணே பதினொரு நாளு?"

டியூப்ளெக்ஸ் என்பது இரண்டு முனையும் ஒரே நேரத்தில் பேசலாமா (ஃபுல்), மாறி மாறித்தான் பேசலாமா (ஹாஃப்) என்பது. கீழ் முனையில் வேகமும் டியூப்ளெக்ஸும் கையால் பூட்டப்பட்டிருந்தன: 100, ஃபுல். மேல் முனை தானாகப் பேசி முடிவெடுக்கும் ஆட்டோவில் இருந்தது. பூட்டிய முனை எதுவும் பேசாது. எதிரில் பேச ஆளில்லாவிட்டால் ஆட்டோ முனையால் வேகத்தை மட்டும்தான் மோப்பம் பிடிக்க முடியும். டியூப்ளெக்ஸை ஹாஃப் என்று வைத்துக்கொள்ளும். அப்புறம் கீழ் முனை நினைத்தபோதெல்லாம் பேசும், மேல் முனை எதிராளி பேசும்போது தான் பேசக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இருக்கும். பிங் சின்னப் பொட்டலம், சந்தில் நுழைந்து போய்விடும். கவுன்ட்டர் கணினிக்கு ஒரு வலைப்பக்கமோ ரசீதோ வந்தால் மோதல்தான். விளக்கு மட்டும் பச்சையாகவே எரியும், ஏனென்றால் கம்பி நன்றாகத்தானே இருக்கிறது.

எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. எண்ணிக்கைகளை ஒருமுறை பூஜ்யமாக்கிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், ஹாஃபில் நிற்கிற அந்த முனையில் லேட் கொலிஷன் ஏறுகிறதா, டியூப்ளெக்ஸைப் பார். சிஆர்சி (சிதைந்து வந்த பொட்டலங்களின் கணக்கு) மட்டும் ஏறுகிறதா, கேபிளைப் பார். அந்தத் திரை முதல் நாளே என் கண்ணில் பட்டிருந்தால் ஏணியை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பையன் லாகையும் (ஸ்விட்ச் தானே எழுதும் குறிப்பேடு) திறந்தான். முழுக்க ஒரே வரிதான்: டியூப்ளெக்ஸ் பொருந்தவில்லை, இருபத்துநாலாம் போர்ட். சிஸ்கோ நிறுவனத்து ஸ்விட்சுகள் சிடிபி என்ற தங்கள் சொந்த வழிமுறை மூலம் நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்து ஸ்விட்சோடு விசாரித்துக்கொள்ளும். பொருந்தாவிட்டால் ஒவ்வொரு முறையும் எழுதி வைக்கும். 11 நாளுக்குக் கணக்குப் போட்டால் 15,840 முறை. எங்கே வலிக்கிறது என்று அந்த இரும்புப் பெட்டி நிமிடம் தவறாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்க அனுமதி உள்ளவர்கள் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தயாராக இருந்த எங்களுக்கு அனுமதி இல்லை.

அந்த வரிகளில் தேதி, முன்னால் ஒரு நட்சத்திரக் குறியோடு, மார்ச் 12. நடப்பதோ நவம்பர். பையன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. நேரம் கொடுக்கப்படாத பழைய சிஸ்கோ ஸ்விட்ச் மின்சாரம் போய் வந்தால் 1993 மார்ச் 1-ல்தான் கண் விழிக்கும். இந்த நேரத்தை நம்பாதே என்பதற்குத்தான் அந்த நட்சத்திரம். ஆனால் தப்பான கடிகாரமும் ஒரு உண்மையைச் சொல்லும். மார்ச் 12 என்றால் ஸ்விட்ச் எழுந்து பதினொரு நாள். பதினொரு நாளுக்கு முன்னால் என்ன நடந்தது? யுபிஎஸ் பேட்டரி மாற்ற அந்தத் தளத்தில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஆக, என்றோ யாரோ இரண்டு முனையையும் 100 ஃபுல் என்று பூட்டியிருக்கிறார்கள். மேல் முனையில் 'ரைட் மெமரி' என்ற சேமிக்கும் கட்டளையைக் கொடுக்க மறந்திருக்கிறார்கள். மின்சாரம் போனது, சேமிக்காத இரண்டு வரியும் கூடவே போயின. ஒப்பந்த நிறுவனத்தின் மாத அறிக்கையில் இந்த நிகழ்வு 'ஒரே வருகையில் தீர்க்கப்பட்டது' என்று பதிவாகியிருக்கிறது. உண்மைதான், வருகை ஒன்றுதான்.

எங்களுக்கு ஏன் அனுமதி மறுக்கப்படுகிறது என்பது தெரியாதவனைப் போல நான் பேசக் கூடாது. நாலு வருடத்துக்கு முன்பு ஹாஸ்டல் பிளாக் முழுக்க 35 நிமிடம் துண்டிக்கப்பட்டது என் கையால்தான். விலேன் என்பது ஒரே கம்பியில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்; ட்ரங்க் போர்ட் வழியாகப் பல விலேன்கள் போகும். அப்படி ஒரு ட்ரங்க் போர்ட்டில் புது விலேன் 40-ஐச் சேர்க்கப் போனேன். 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் விலேன் ஆட் 40' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'ஆட்' விட்டுப்போனது. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் அது சேர்ப்பதல்ல. 40 மட்டும் இருக்கட்டும், மற்றதெல்லாம் போகட்டும் என்று பொருள். போனவற்றில் நான் உள்ளே நுழைந்திருந்த வழியும் ஒன்று. கன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு மழையில் ஹாஸ்டலுக்கு ஓடியது இன்னும் நினைவிருக்கிறது. (இப்போது செய்வதாக இருந்தால் முதலில் 'ரீலோட் இன் 10' அடித்துவிட்டுத்தான் கை வைப்பேன். மாட்டிக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் அதுவே எழுந்து பழைய நிலைக்கு வந்துவிடும். அந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை அது.) அதற்காக மாற்றும் உரிமையைப் பறித்தீர்கள். சரி, ஏற்றுக்கொண்டேன். இன்றும் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

ஆனால் பார்க்கும் உரிமையையும் சேர்த்து ஏன் எடுத்தீர்கள்? 'ஷோ' என்று தொடங்கும் கட்டளையில் விட்டுப்போக 'ஆட்' கிடையாது. சிஸ்கோவில் 0 முதல் 15 வரை பதினாறு அனுமதி லெவல் வைத்திருப்பதே இதற்குத்தான். லெவல் 1-ல் நுழைந்தவனால் 'ஷோ இன்டர்ஃபேசஸ்' பார்க்கலாம், எது இணைந்திருக்கிறது, எது இல்லை, எது எர்ர்-டிசேபிள்ட் (பிழையால் ஸ்விட்சே அணைத்தது) என்று பார்க்கலாம். போர்ட்டை அணைக்க முடியாது, விலேனை மாற்ற முடியாது, கான்ஃபிக் பக்கமே போக முடியாது. நோயாளியின் கட்டில் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டைப் படிக்கிற நர்ஸை, அறுவை சிகிச்சை செய்துவிடுவார் என்று வாசலிலேயே நிறுத்துவார்களா?

பாதுகாப்பு என்று ஒப்பந்த நிறுவனம் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அந்தச் சொல்லை அவர்கள் வாயிலிருந்து கேட்பது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம். இன்றைக்கும் அவர்கள் பாதி ஸ்விட்சுகளுக்குள் டெல்நெட்டில்தான் வருகிறார்கள். அதில் பாஸ்வேர்ட் மூடாத தபால் அட்டை மாதிரி கம்பியில் போகும். அத்தனை பேருக்கும் ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்ட். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று லாகைக் கேட்டால் அது 1993-ல் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் அந்த டிவி. முதல்வர் அறை வராந்தாவில் மாட்டியிருக்கிறோமே, வளாக வரைபடமும் பச்சை வட்டங்களும். ஆய்வுக் குழு வந்தால் நின்று பார்த்துவிட்டுப் பாராட்டிப் போகிறது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதைத் தவிர அந்த வட்டத்துக்கு வேறொன்றும் தெரியாது. அந்தப் பதினொரு நாளும் கட்டண கவுன்ட்டர் வட்டம் பச்சை. அந்தப் பெரியவரை ஒருமுறை மாடியேறி வந்து அதைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம், மனசு ஆறியிருக்கும்.

டிக்கெட் படிவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் 'போர்ட் எண்' கட்டாயக் கட்டம். போன வாரம் வார்டன் அறை பிரின்டர் இழுத்து இழுத்து வேலை செய்கிறது என்று புகார். சுவர் சாக்கெட்டில் இருந்த ஸ்டிக்கர் எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஸ்விட்சில் எந்தப் போர்ட் எங்கே போகிறது என்று டிஸ்கிரிப்ஷன் எழுதியிருந்தால் ஒரு வரியில் தெரிந்துவிடும். ஒரு போர்ட்டுக்குக்கூட எழுதவில்லை என்று அவர்களே சொன்னார்கள். பிரின்டரின் மேக் முகவரி (அதற்கே உரிய வன்பொருள் எண்) என்னிடம் இருக்கிறது, 'ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்' அடித்தால் போர்ட் வந்து விழும், அதை அடிக்க எனக்கு அனுமதி இல்லை. அனுமதி உள்ளவர்களிடம் கேட்க டிக்கெட் போட வேண்டும். டிக்கெட் போட போர்ட் எண் வேண்டும். 0 என்று நிரப்பினேன். 'அப்படி ஒரு போர்ட் இல்லை' என்று மூடிவிட்டார்கள்.

சூட்டில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

எங்கள் மூவருக்கும் தனித்தனிப் பெயரில், பார்க்க மட்டும் முடிகிற கணக்கு. எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஸ்ஹெச் வழியாக மட்டும், சிஸ்டம் அறைக் கணினிகளிலிருந்து மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள், எங்களுக்குச் சம்மதம். 'ஷோ லாகிங்' மாதிரி ஒன்றிரண்டு கட்டளைகளுக்கு மட்டும் லெவலைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் போதும். நாங்கள் அடிப்பதெல்லாம் பதிவாகட்டும், மாதா மாதம் குழுவே எடுத்துப் பார்க்கட்டும். இதற்குப் பைசா செலவில்லை. 60 மீட்டர் கேபிளைவிட நிச்சயமாகக் குறைவு.

ஜூனில் ஒப்பந்தம் புதுப்பிக்க வருகிறது. முடிந்தால் அதிலேயே, போர்ட்டுகளுக்கு டிஸ்கிரிப்ஷன் எழுதித் தர வேண்டும், நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் என்டிபி கொடுத்துக் கடிகாரங்களை இந்த நூற்றாண்டுக்குக் கொண்டுவர வேண்டும், மாற்றம் செய்தால் சேமித்துவிட்டுப் போக வேண்டும் என்று மூன்று வரி சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நேரமாகும் என்றால் பரவாயில்லை, அது அப்புறம். பார்க்கும் அனுமதி மட்டும் முதலில் வரட்டும்.

அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் நேரில் வந்து காட்டுகிறேன். சிஸ்டம் அறை மேஜையில் பழைய ஸ்விட்ச் ஒன்று சும்மா கிடக்கிறது, வளாக நெட்வொர்க்கில் சேராதது. அதில் லெவல் 1 கணக்கு ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். குழுவில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து, அதைக் கெடுக்க முடிகிறதா என்று அடித்துப் பார்க்கலாம்.

பணிவுடன்,
சிஸ்டம் அறை ஊழியன்